ஈராசிரியர் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன்: வகுப்பறைக்கு எதை முதலில் பழகிக்கொள்ள?

#1 வாய்ப்பாடு (புதிய உறுப்பினர்)

எல்லோருக்கும் வணக்கம். 2010-இல் ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்தேன். 2013 தகுதித் தேர்வில் தேர்ச்சி. நியமனம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று இருந்தபோது 149-ஆம் அரசாணை வந்து, தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றார்கள். 2024 ஜூலையில் அதையும் எழுதி, ஒருவழியாக 2025-இல் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தேன். நடுவில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினேன், சாயங்காலம் டியூஷன் எடுத்தேன், வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 4, 5 வகுப்புகளை ஹெச்.எம். பார்க்கிறார். 1, 2, 3 மூன்றும் என்னிடம். ஒரே அறை, 26 பிள்ளைகள்.

நான் பயிற்சி எடுத்த காலத்தில் வகுப்பறை முழுக்க ஏபிஎல் என்ற செயல்வழிக் கற்றலின் அட்டை, ஏணி, தட்டு. இப்போது எண்ணும் எழுத்தும் திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலைகள், பயிற்சி நூல், செயலியில் மதிப்பீடு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என்று பயிற்சி கொடுத்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் திரையில் ஓடியதைப் பார்த்துக் குறிப்பெடுத்தோம். ஒன்றாம் வகுப்பைச் சுற்றி உட்கார வைத்து எழுத்து சொல்லிக்கொடுக்கும்போது மூன்றாம் வகுப்பு ஜன்னல் கம்பியில் ஏறினால் என்ன செய்வது என்று அந்தத் திரையில் வரவில்லை.

கொள்கை விளக்கம் வேண்டாம். கையால், வாயால் பழகக்கூடியது எது? எதை முதலில் பழக வேண்டும்?

#2 ஈராசிரியர்

வாழ்த்துகள் டீச்சர். மூன்று வகுப்பையும் மூன்று வகுப்பாகவே நடத்தப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது யாராலும் ஆகாது. நாற்பது நிமிடப் பாடவேளையை மூன்றால் வகுத்தால் வகுப்புக்குப் பதின்மூன்று நிமிடம். அதில் அதட்டுவதற்கே ஐந்து நிமிடம் போய்விடும்.

பாடம் நடத்துவதைப் பிறகு பழகிக்கொள்ளலாம். உங்கள் கண் வேறு பக்கம் இருக்கும்போது பிள்ளைகள் வேலையில் இருக்கும்படி ஏற்பாடு செய்வதுதான் முதல் பழக்கம். ஏபிஎல் அட்டைகளைப் பரணில் போட்டாயிற்று, சரி. ஆனால் அதில் இருந்த குழு முறையை மறந்துவிட வேண்டாம். ஆசிரியர் துணையோடு படிக்கும் குழு, பாதித் துணையோடு படிக்கும் குழு, சக மாணவரோடு படிக்கும் குழு, தானே படிக்கும் குழு என்று இருந்தது ஞாபகம் இருக்கும். ஆசிரியர் ஒரு பாயில் ஒரு குழுவோடு உட்கார்ந்துவிடுவார், மற்றவை தாமாக ஓடும். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலிப் பள்ளிக்காரர்கள் இப்படிப்பட்ட கிராமத்துப் பல்வகுப்புப் பள்ளிகளுக்காகத்தான் அதை உருவாக்கினார்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் தொடங்கி 2007-08-இல் நம் மாநிலம் முழுக்க வந்தது. வகுப்புக்கு ஒரு ஆசிரியர் இருக்கும் பெரிய பள்ளிகளுக்கும் அதையே திணித்ததில்தான் சண்டை வந்தது. உங்கள் அறைக்கு அது இன்றும் பொருந்தும்.

இப்போது வேலைக்கு வருகிறேன். தனியாகச் செய்யக் கொடுக்கும் வேலை பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும். புதியதைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருவன் எழுந்து வருவான். அதே சமயம் சட்டென்று முடிகிற வேலையும் ஆகாது. "எட்டாம் வாய்ப்பாட்டை எழுது" என்றால் நாலே நிமிடம், அப்புறம் ஜன்னல்தான். அதற்குப் பதில் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து 3, 5, 8, 12, 20 என்ற எண்களைக் கொடுத்து, "இதை வைத்து எத்தனை கூட்டல் கணக்கு உண்டாக்க முடியுமோ உண்டாக்குங்கள், ஒருவர் போட்டதை மற்றவர் சரிபாருங்கள்" என்று விட்டுப் பாருங்கள். வேகமானவன் இருபது போடுவான், மெதுவானவன் ஆறு போடுவான். இரண்டு பேருக்கும் வேலை இருக்கும்.

கூடவே மூன்று வழக்கம் வேண்டும். சந்தேகம் வந்தால் முதலில் பக்கத்தில் கேட்க வேண்டும், அப்புறம்தான் டீச்சர். முடித்துவிட்டால் அனுமதி கேட்காமல் படித்தல் களத்துக்கு, அதாவது புத்தக மூலைக்குப் போய்ப் புத்தகம் எடுக்கலாம். வெளியே போக வேண்டுமானால் கதவோரம் தொங்கும் அட்டையை எடுத்துக்கொண்டு போக வேண்டும், அட்டை இல்லையென்றால் ஒருவர் வெளியே இருக்கிறார் என்று அர்த்தம். இதைச் சொன்னால் மட்டும் போதாது. பாடமே இல்லாமல் ஒரு விளையாட்டு மாதிரி இந்த மூன்றையும் பழக்குங்கள். "இப்போ உனக்குச் சந்தேகம் வந்துடுச்சு, என்ன பண்ணுவே?" என்று நடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வாரம் பாடம் பின்தங்கும். பின்தங்கட்டும்.

#3 செயலி_சாமி

முதலில் எமிஸ் இணையதளத்தில் வருகைப்பதிவு, காலை உணவுக் கணக்கு, மதிப்பீடு பதிவேற்றம், சீருடை அளவு, வங்கிக் கணக்கு இணைப்பு இதையெல்லாம் பழகிக்கொள்ளுங்கள் மேடம். அதற்குப் பிறகு நேரம் மிஞ்சினால் பாடம் நடத்துவதைப் பற்றிப் பேசலாம் 🙂

#4 ஈராசிரியர்

சாமி, நீங்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் சேர்ந்த முதல் வருடத்திலேயே இதைச் சொல்லிச் சொல்லித்தான் நல்ல ஆட்களையும் எழுத்தர் ஆக்கிவிடுகிறோம். அதற்குத் தனி இழை போடுங்கள், நானும் வந்து புலம்புகிறேன்.

#5 கிளர்வினா

ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பயிற்சி தந்த பக்கத்தில் இருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

பட்டயப் பயிற்சி எடுத்த எல்லோருக்கும் நுண்ணிலைக் கற்பித்தல் (மைக்ரோ டீச்சிங்) ஞாபகம் இருக்கும். 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கிய முறை. நம் பாடப்புத்தகக் கணக்கில் நடத்த 6 நிமிடம், பின்னூட்டத்துக்கு 6, மறுதிட்டத்துக்கு 12, மறுபடி நடத்த 6, மறுபின்னூட்டத்துக்கு 6, ஆக 36 நிமிடம். தொடங்கும் திறன், பதிலைத் தோண்டிக் கேட்கும் கிளர்வினாத் திறன், வலுவூட்டும் திறன் என்று ஒவ்வொரு திறனாகப் பிரித்துப் பழக வேண்டும். யோசனை நல்லதுதான். ஆனால் நடந்தது என்ன? உடன் படிக்கும் இருபது வயதுக்காரர்கள் பத்து பேர் பிள்ளைகளாக உட்கார்ந்து கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னார்கள். யாரும் மூக்கைச் சிந்திக்கொண்டே "டீச்சர், இவன் என் ரப்பரை எடுத்துட்டான்" என்று எழுந்து நிற்கவில்லை. அந்த முறைக்கு உயிரே மறுபடி நடத்துவதில்தான் இருக்கிறது. ஒரு சின்னத் துண்டை நடத்தி, எங்கே பிசகியது என்று கேட்டு, அதே துண்டைத் திரும்ப நடத்த வேண்டும். பயிற்சி நிறுவனங்களில் நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவது அதுதான்.

பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பும்போது இன்னொரு கூத்து. மேற்பார்வையாளர் வருகிற நாளுக்கென்று ஒரு பாடம் தயாராகும். வண்ண அட்டை, மின்னட்டை, தெர்மகோல் எரிமலை எல்லாம் இருக்கும். அந்தப் பாடம் முந்தின நாளே பிள்ளைகளுக்கு நடத்தப்பட்டிருக்கும். அதனால் ஆர்வமூட்டல் கேள்வி கேட்பதற்கு முன்பே நாலு கை தூக்கியிருக்கும். எதிரே உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறவருக்கும் இது தெரியும்.

இந்த அம்மா கேட்டதற்கு வருகிறேன். வீட்டில் தனியாகவே பழகக்கூடிய ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு வேலை சொல்லும் விதம். நம் வாயில் வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: "சரி பசங்களா, எல்லாரும் புக்கை எடுத்து முப்பத்திரண்டாம் பக்கத்துல இருக்கிற படத்தைப் பார்த்து அதுல என்னென்ன இருக்குன்னு நோட்டுல எழுதுங்க, முடிச்சவங்க கலர் அடிங்க." ஆறு வயதுப் பிள்ளையின் காதில் தங்குவது கடைசிச் சொல். உடனே கலர் பென்சிலைத் தேடும். நீங்கள் கத்துவீர்கள். தவறு பிள்ளையிடம் இல்லை.

இதையே உடைத்துச் சொல்லுங்கள். "புத்தகம் எடுங்க." நிறுத்துங்கள். எல்லோர் கையிலும் வந்ததா என்று பாருங்கள். பக்க எண்ணை வாயால் சொல்லாமல் பலகையில் 32 என்று எழுதுங்கள். "படத்துல விரலை வைங்க." மறுபடி நிறுத்தம். பிறகு ஒரே ஒரு வேலை. கடைசியில் ஒரு பிள்ளையிடம், அதுவும் கவனிக்காத பிள்ளையிடம், "இப்ப நாம என்ன செய்யப் போறோம்?" என்று கேளுங்கள். "புரிஞ்சுதா?" என்று மொத்த வகுப்பையும் கேட்காதீர்கள். "புரிஞ்சுது டீச்சர்" என்று ராகம் போட்டுப் பதில் வரும், அதற்கு மதிப்பில்லை.

செல்பேசியில் பதிவு செய்து சமையல் செய்யும்போது போட்டுக் கேளுங்கள். நாளைக்குச் சொல்லப்போகும் மூன்று கட்டளைகளை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பாடக்குறிப்பு ஐந்து பக்கம் எழுதுவதைவிட இது உதவும்.

இன்னொன்று, கேள்வி கேட்ட பிறகு காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடச் சரியாகப் பொறுப்பதில்லை என்று கண்டார். மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகின்றன. மூன்று நொடி சின்னதாகத் தெரியும். 26 பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்று பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

#6 பழைய_மாணவன்

நான் ஆசிரியர் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் காலத்தில் மேசை மேல் ஒரு பிரம்பு இருக்கும். ஜன்னலாவது ஏறுவதாவது.

#7 ஈராசிரியர்

ஐயா, கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17. உடலால், மனதால் தண்டிக்கக் கூடாது, மீறினால் துறை நடவடிக்கை. சட்டம் கிடக்கட்டும் என்றாலும், பிரம்பு வகுப்பை அமைதியாக்கும், அவ்வளவுதான். வாசிக்கத் தெரியாத பிள்ளை அமைதியாகவே ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிடும்.

சத்தம் விஷயத்தில் டீச்சருக்கு ஒன்று. வகுப்பு இரையும்போது அதற்கு மேல் நீங்கள் குரல் உயர்த்தினால் அவர்களும் உயர்த்துவார்கள். தீபாவளிக்குள் தொண்டை போய்விடும். ஒரு கைதட்டுத் தாளம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தட்டினால் அவர்கள் திருப்பித் தட்ட வேண்டும், தட்டி முடித்ததும் கை கட்ட வேண்டும். இதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. தட்டிய பிறகு முழு அமைதி வரும் வரை நீங்கள் பேசவே கூடாது. பாதிச் சத்தத்தில் ஒரு தடவை பேச ஆரம்பித்துவிட்டால் அந்தத் தாளத்துக்கு அன்றோடு மரியாதை போயிற்று. தனிப் பிள்ளையைக் கண்டிக்க வேண்டுமானால் இருந்த இடத்தில் இருந்து பெயர் சொல்லிக் கத்தாமல், நடந்து போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். பத்தில் எட்டு முறை அதுவே போதும்.

#8 வாய்ப்பாடு

கிளர்வினா ஐயா, ஈராசிரியர் சார், மிக்க நன்றி. நோட்டில் எழுதிக்கொண்டேன். அட்டையை ஆணியில் மாட்டியாகிவிட்டது. முதல் நாள் அட்டையை எடுத்துக்கொண்டு போவதற்காகவே எல்லோருக்கும் அவசரம் வந்தது.

இன்னொரு கேள்வி. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். எழுத்து அட்டையைக் காட்டினால் எல்லா எழுத்தையும் சொல்கிறான். சொல்லாகக் கொடுத்தால் படிக்க வரவில்லை. "பட்டம்" என்று எழுதினால் "ப... ட்... ட... ம்" என்று சரியாகக் கூட்டிவிட்டு, கடைசியில் "பாட்டி" என்கிறான். இவனை என்ன செய்வது?

#9 குறுவளம்

வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். இந்தப் பையன் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறான், கவலைப்படாதீர்கள்.

அவனுக்கு எழுத்து தெரியும், ஒலிகளை ஒட்டத் தெரியவில்லை. நாலு ஒலியைத் தனித்தனியாகச் சொல்லி முடிப்பதற்குள் முதல் ஒலி மறந்துபோகிறது. அப்புறம் முதல் எழுத்தைப் பார்த்துத் தெரிந்த சொல் ஒன்றை வீசுகிறான். கூட்டிப் படிக்கச் சொல்லாதீர்கள், இழுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "ப" என்பதை விடாமல் அடுத்த எழுத்து வரை இழுக்க வேண்டும், விரலும் சொல்லின் கீழே நிற்காமல் நகர வேண்டும். புள்ளி நடுவில் வரும் சொல்லை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். படம் என்று எழுதுங்கள். படித்ததும் முதல் எழுத்தை மட்டும் அழித்து மடம். நடு எழுத்தை மாற்றி மரம். அப்புறம் மணம். ஒரு நேரத்தில் ஒரு எழுத்துதான் மாற வேண்டும். இது ஓடியதும் கால் போட்டுப் பாடம், மாடம். அதற்குப் பிறகு பட்டம், மட்டம், வட்டம். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு கடைசியில். எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியில் பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக விரல் வைத்துப் போகிற பிள்ளைக்கு அது பெரிய குழப்பம். "கொ" என்பதைக் காட்டி, "முதல்ல எதைப் பார்த்தே?" என்று கேளுங்கள், தெரியும்.

முக்கியமாக ஒன்று. அவன் படிக்கும்போது உங்கள் வாய் அசையக் கூடாது. நாம் அறியாமல் உதட்டில் "பட்..." என்று தொடங்கிக் கொடுத்துவிடுவோம். அவன் எழுத்தைப் பார்க்காமல் நம் உதட்டைப் பார்ப்பான். அவனுக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள், எதிரே வேண்டாம்.

பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாநில அளவில் பயிற்சி தரும் கருத்தாளர்களுக்கு, அவர்கள் மாவட்டத்துக்கு, மாவட்டம் வட்டாரத்துக்கு என்று இறங்கி வருவதற்குள் செய்து பார்க்க வேண்டியதெல்லாம் உதிர்ந்து திரையில் இருப்பது மட்டும் மிஞ்சுகிறது. அதில் எங்கள் பங்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எண்ணும் எழுத்தும் 2022 ஜூனில் வந்த பிறகு பருவத்துக்குப் பருவம் ஆசிரியர்கள் ஒன்றாகக் கூடுவது நடக்கிறது. அந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் பாக்கி.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் எங்கள் குறுவள மையக் கூட்டத்தில் இப்போது ஒன்று செய்கிறோம். ஒவ்வொரு ஆசிரியரும் பிள்ளைகளின் கணக்கு நோட்டைக் கொண்டுவர வேண்டும், நல்லதைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவரக் கூடாது. எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டு, ஒரே மாதிரித் தவறுகளைக் குவியல் குவியலாகப் பிரிப்போம். 52-இல் இருந்து 27 போனால் 35 என்று ஒரு குவியல் சேரும். அது கவனக்குறைவு இல்லை. 2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2-ஐக் கழித்திருக்கிறான். அவனுக்கு ஒரு விதி இருக்கிறது, பெரியதில் சிறியதைக் கழி என்று. இன்னொரு குவியலில் நூற்று மூன்றை 1003 என்று எழுதியிருப்பார்கள். 100 எழுதத் தெரியும், 3 எழுதத் தெரியும், காதில் விழுந்தபடியே சேர்த்துவிட்டார்கள். இரண்டு குவியலுக்கும் ஒரே பாடத்தைத் திரும்ப நடத்தினால் யாருக்கும் பயனில்லை. முதலாமவனுக்குக் குச்சிக் கட்டைப் பிரித்துச் சில்லறையாக்கிக் காட்ட வேண்டும், இரண்டாமவனுக்குப் பத்துகள் இருக்கும் இடம் காலி என்று கட்டம் போட்டுக் காட்ட வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு நான் கொடுக்கும் ஒரே வீட்டுப்பாடம் இதுதான். பெருக்கல் குறி போட்டுத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால், இந்தப் பிள்ளை என்ன நினைத்து இதை எழுதியிருக்கும் என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதுங்கள். தெரியவில்லையென்றால் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அது சொல்லிவிடும்.

#10 மட்டுநகர்

வணக்கம். நான் மட்டக்களப்பில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. எங்கட பக்கம் தேசிய கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம். இரண்டு வருடம் விடுதியில் இருந்து படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் நின்று படிப்பிக்கிற கட்டுறு பயில்வு. ஒரு வருடம் நிற்பதில் பெரிய நன்மை இருக்கு. தரம் 1 பிள்ளைகள் முதல் நாள் அழுதுகொண்டு வாறதில் இருந்து வருடக் கடைசியில் வாசிக்கிறது வரைக்கும் பார்க்கலாம். சில கிழமை மட்டும் போய் வாறவர்களுக்கு அது கிடைக்காது.

ஆனால் அதிலும் அதிர்ஷ்டம் வேண்டும். சில இடங்களில் ஆசிரியர் வராத வகுப்புக்கெல்லாம் பயிலுநரைத்தான் அனுப்புவார்கள். கூட இருந்து பார்த்துச் சொல்லித் தர ஆளில்லாவிட்டால் ஒரு வருடமும் வெறும் பதில் ஆளாகவே போய்விடும். எனக்கு வாய்த்தவ நல்லா வழிகாட்டினா. ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்டபிறகு ஒரு கேள்வி மட்டும் கேட்பா: "இண்டைக்கு யாரோட நீங்க கதைக்கவே இல்லை?" முதல் நாட்களில் பெயர்ப்பட்டியலில் பாதி அப்படித்தான் இருந்தது.

#11 வாய்ப்பாடு

இந்தக் கேள்வியை நானும் எடுத்துக்கொள்கிறேன் அக்கா. எனக்கு உடனே இரண்டு பெயர் ஞாபகம் வருகிறது.

#12 கிளர்வினா

மட்டுநகர் சொன்னது முக்கியம். இங்கும் 2014-இல் வந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிகளில் பட்டயப் பயிற்சிக்கு 20 வாரம் பள்ளி அனுபவம் உண்டு. காகிதத்தில் நல்ல கால அளவு. அனுப்பப்பட்ட பள்ளியில் யார் பொறுப்பு என்பதில்தான் ஓட்டை. வகுப்பாசிரியருக்குப் பயிற்சி மாணவர் வந்தால் ஒரு ஓய்வு, அவ்வளவே. அவருக்கும் யாரும் வழிகாட்டுவதற்குப் பயிற்சி தரவில்லை, ஒரு மணி நேரம் ஒதுக்கித் தரவும் இல்லை.

இன்னொரு பக்கம், "சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித்தர என்ன பெரிய பயிற்சி" என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக்கிடக்கிறது. 2018-இல், மேல் வகுப்புகளுக்கான பி.எட். முடித்தவர்களும் தொடக்கப்பள்ளிக்கு வரலாம் என்று குழுமமே அறிவித்தது. சேர்ந்த பிறகு ஆறு மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்றார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. வேலை போனவர்கள், வாய்ப்பு இழந்தவர்கள் பக்கம் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனாலும் ஆறு வயதுப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தருவது தனித் தொழில் என்று ஒரு நீதிமன்றமாவது சொன்னதே என்று இருந்தது.

#13 டெமோ_கிளாஸ்

நீங்கள் எல்லாம் 20 வாரம், ஒரு வருடம் என்கிறீர்கள். தனியார் நர்சரி பிரைமரிப் பள்ளியில் எங்களுக்கு நடப்பது இருபது நிமிட டெமோ. முதல்வர், இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். மழைநீர் சேகரிப்பு நடத்திக் காட்டினால் திங்கட்கிழமை 38 பிள்ளைகள் கையில். பயிற்சி என்ற பேச்சே இல்லை. மாதச் சம்பளத்தை இங்கே எழுதினால் சிரிப்பீர்கள்.

எனக்கு உதவியது ஒன்றுதான். பக்கத்து அறையில் ஒரு மூத்த டீச்சர். என் ஓய்வுப் பாடவேளையில் அவர் வகுப்பில் கடைசி வரிசையில் போய் உட்காருவேன். முதலில் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அதனால் பிரயோஜனம் இல்லை. அப்புறம் அவர் மணி அடித்த முதல் இரண்டு நிமிடம் என்ன செய்கிறார் என்பதை மட்டும் பார்த்தேன். பலகையில் ஏற்கெனவே ஒரு கணக்கு எழுதியிருக்கும். பிள்ளைகள் உள்ளே வரும்போதே நோட்டை எடுத்துவிடுவார்கள். அவர் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். சாப்பிடாமல் வந்தது யார், அழுதுவிட்டு வந்தது யார் என்று அங்கேயே தெரிந்துவிடும். வகுப்புக்குள் வந்து "கீப் கொய்ட்" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

#14 செயலி_சாமி

இதெல்லாம் சரி. ஈராசிரியர் பள்ளியில் இவர் இன்னொருவர் வகுப்பைப் போய்ப் பார்த்தால் இவருடைய 26 பேரை யார் பார்ப்பது? கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். அறுபது பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர் என்பது சட்டக் கணக்கு. ஐந்து வகுப்பு இருக்கிறதே என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை.

#15 ஈராசிரியர்

சரியான கேள்வி சாமி. எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைப்போம். கதை, பாட்டு, மனக்கணக்கு. ஒருவர் நடத்துவார். மற்றவர் நோட்டோடு ஓரமாக உட்கார்ந்து ஒரே ஒரு பிள்ளையை மட்டும் பதினைந்து நிமிடம் பார்ப்பார். ஆசிரியரைப் பார்க்கக் கூடாது. அந்தப் பிள்ளை எப்போது பலகையைப் பார்த்தது, எப்போது பக்கத்துப் பையனிடம் பேசியது, கேள்வி கேட்டபோது வாய் அசைந்ததா, நோட்டில் பேனா எப்போது நின்றது என்று நிமிடவாரியாகக் குறிப்பு. பிள்ளைகள் போன பிறகு குறிப்பை வாசித்துக் காட்டுவோம்.

"நீங்கள் நன்றாக நடத்தினீர்கள், கொஞ்சம் மெதுவாகப் பேசலாம்" என்ற மாதிரிப் பின்னூட்டத்தில் சண்டைதான் மிஞ்சும், அதிலும் ஹெச்.எம். சொன்னால் உத்தரவாகிவிடும். "2:50-க்கு மேல் அவள் பலகையைப் பார்க்கவே இல்லை" என்று சொன்னால் சண்டைக்கு இடமில்லை. டீச்சர், உங்கள் ஹெச்.எம்.மிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் அவர் நடத்தட்டும், நீங்கள் குறிப்பெடுங்கள். அது மரியாதையாகவும் இருக்கும், அவருக்கும் பயம் தெளியும்.

#16 திண்ணைப்பள்ளி

பட்டயப் பயிற்சி இரண்டாம் ஆண்டு மாணவி. நான், பிள்ளைகளுக்கு வீட்டருகிலேயே வகுப்பு எடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தேன். 2021 அக்டோபரில் திட்டம் தொடங்கியபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில்தான் வகுப்பு. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை கலந்து உட்காருவார்கள், பெற்றோர் வாசலிலேயே நின்று பார்ப்பார்கள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது கற்பித்தல் பயிற்சிக்குப் போகும்போது என் தோழிகளைவிட எனக்குப் பதற்றம் குறைவு. கதை சொல்லும்போது நடுவில் நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு, எல்லோரும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லச் சொல்வேன். ஒரே நேரத்தில் எல்லாப் பிள்ளையும் பேசிவிடும், ஐந்தாம் வகுப்பு ஒன்றாம் வகுப்புக்குச் சொல்லும்.

ஒரு சந்தேகம். எங்களுக்குப் பாடக்குறிப்பு ஒவ்வொன்றும் ஆறேழு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது. வேலையில் சேர்ந்த பிறகும் இப்படித்தானா?

#17 ஈராசிரியர்

இல்லை அம்மா. ஆசிரியர் கையேட்டிலேயே செயல்பாடுகள் எல்லாம் இருக்கின்றன. அதைப் பார்த்துப் படியெடுப்பதால் ஒன்றும் ஆகப் போவதில்லை. நான் எழுதுவது நாலு வரி. இன்றைக்கு எந்தக் குழுவோடு உட்காரப் போகிறேன், மற்ற குழுக்களுக்கு என்ன வேலை, பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள், கடைசியில் எந்த ஒரு கேள்வியைக் கேட்டுச் சரிபார்ப்பேன். மூன்றாவது வரியை எழுத முடியாவிட்டால் பாடத்துக்கு நான் தயாராகவில்லை என்று எடுத்துக்கொள்வேன். ஆய்வுக்கு வருகிறவர் நீளமான குறிப்பு கேட்டால் அது வேறு கதை, சாமியின் இழையில் பேசலாம்.

#18 வாய்ப்பாடு

எல்லோருக்கும் நன்றி. படம், மடம், மரம் ஓடுகிறது. "மரம்" என்பதைப் படித்துவிட்டு அவனே ஜன்னல் வழியாக வேப்பமரத்தைக் காட்டினான். பாடம், மாடத்துக்கு இன்னும் போகவில்லை, அவசரப்படவில்லை. கூட்டல் கணக்கு உண்டாக்கும் வேலையில் மூன்றாம் வகுப்பு உட்காருகிறது. இரண்டாம் வகுப்புதான் இன்னும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றுகிறது. வெள்ளிக்கிழமை யோசனையை ஹெச்.எம். சாரிடம் சொன்னேன். "பார்க்கலாம்மா" என்றார். மறுக்கவில்லை, அதுவே பெரிது.

குறுவளம் சார், குச்சிக் கட்டு எத்தனை வேண்டும்? பள்ளியில் இருக்கும் கணிதப் பெட்டியில் பாதி மணிகளைக் காணோம்.

#19 குறுவளம்

கணிதப் பெட்டியை நம்ப வேண்டாம். தென்னை ஈர்க்குச்சி விளக்குமாறு இரண்டு வாங்குங்கள். விரல் நீளத்துக்கு வெட்டி, கூர்முனையைக் கட்டாயம் நறுக்கிவிடுங்கள், கண்ணில் குத்திக்கொள்வார்கள். நாலைந்து பேர் குழுவுக்குப் பத்துக் கட்டு பத்தும், உதிரி இருபதும் போதும். கட்டுவதை நீங்கள் செய்யாதீர்கள். பத்து எண்ணி ரப்பர் பேண்டு போடுவதை ஒன்று, இரண்டு வகுப்புப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். ஒன்பதிலும் பதினொன்றிலும் கட்டுவார்கள், அதைப் பிரித்து எண்ணிச் சரிபார்க்கிற வேலையை மூன்றாம் வகுப்புக்குக் கொடுங்கள். முந்தானை பிரச்சினைக்கும் அது ஆகும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பையனின் நோட்டையும் எடுத்து வாருங்கள்.